கன்டோனிஸ் உறவுச் சொற்கள்: எந்த வழியில் கற்பது?

மலேசியாவின் ஈப்போவில், தென்சீன மொழியான கன்டோனிஸ் பேசும் ஒரு குடும்பத்துக்கு மருமகளாகப் போவதென்று முடிவானபோது, அவர்களுடைய உறவுச் சொற்களைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு வாரம் இருந்தது. மணநாளில் தேநீர்ச் சடங்கு உண்டு. மணமக்கள் இருவரும் மண்டியிட்டு, கோப்பையை இரு கைகளாலும் ஏந்தி, எதிரே அமர்ந்திருக்கும் பெரியவரை அவருக்குரிய உறவுச் சொல்லால் அழைத்து, தேநீர் அருந்தும்படி வேண்டிக்கொள்வார்கள். தாத்தா, பாட்டி, பெற்றோர், பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று வரிசை நீளும். அந்த அழைப்புதான் சடங்கின் உயிர். யார் யாருக்கு என்ன உறவு என்பது அன்று வாய்விட்டுச் சொல்லப்பட்டு, சபையறிய ஏற்கப்படுகிறது. சடங்கு முடிந்த பின்னும் இந்தத் தேவை தீர்வதில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், சாப்பாட்டு மேசையில் முதல் கவளம் எடுப்பதற்கு முன்பும் பெரியவர் ஒவ்வொருவரையும் உறவு சொல்லி அழைக்க வேண்டும். இதற்குக் கன்டோனிஸ் மொழியில் ஆளைக் கூப்பிடுதல் என்றே பெயர். குழந்தை பேசத் தொடங்கியதும் முதலில் பழக்கப்படுத்துவதும் இதைத்தான்.

என்னைப் போல இப்படிப்பட்ட வீட்டுக்குள் போகிறவர்கள் மலேசியத் தமிழர்களில் இருக்கிறார்கள். அவர்கள் முன் பொதுவாக நான்கு வழிகள் உண்டு: சீனாவின் பொதுமொழியான மாண்டரினைக் கற்பிக்கும் செயலியையோ பட்டியலையோ எடுத்துக்கொண்டு உச்சரிப்பை மட்டும் மாற்றிக்கொள்வது, ரோமன் எழுத்தில் எழுதிய கன்டோனிஸ் பட்டியலைப் படிப்பது, சீன எழுத்துகளோடு சேர்த்துக் கற்பது, வீட்டாரின் வாயிலிருந்தே கேட்டுத் தமிழெழுத்தில் குறித்துக்கொள்வது. நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக முயன்று பார்த்தவள் என்ற முறையில், எது எங்கே உதவியது, எது எங்கே கைவிட்டது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுமையின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. சீன உறவு முறைப் படங்களைப் பார்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டங்கள் இருக்கும். அதைக் கண்டு மலைத்துப் போகிறவர்கள் அதிகம். ஆனால் வயதில் இளையவரைப் பெயர் சொல்லி அழைப்பது அங்கேயும் வழக்கம்தான். நம் வீடுகளில் தம்பியையும் தங்கையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் போல, கணவரின் தம்பிக்கும் தங்கைக்கும் உள்ள சொற்கள் மூன்றாமவரிடம் குறிப்பிடுவதற்கே பயன்படும். நேரில் அழைக்க வேண்டியவை மூத்தோருக்கான சொற்கள் மட்டுமே. புகுந்த வீட்டில் மணமகள் கணவர் அழைக்கும் சொற்களையே பெரும்பாலும் தானும் பின்பற்றுகிறாள், மணமகனும் அப்படியே. ஆக, சடங்கு நாளுக்குள் வாயில் நிற்க வேண்டியவை ஏறக்குறைய இருபது சொற்கள்.

மாண்டரின் வழியாகப் போவது எளிதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. செயலிகளில் சீனம் என்று இருப்பது பெரும்பாலும் மாண்டரின்தான். மலேசியச் சீனப் பள்ளிகளில் பயிற்று மொழியும் அதுவே. உறவைப் படிப்படியாகத் தட்டினால் அழைக்கும் சொல்லைக் காட்டுகிற கணிப்பான்கள்கூட மாண்டரினில் கிடைக்கின்றன. எழுதும் எழுத்து ஒன்றுதானே, ஒலியை மாற்றிக்கொண்டால் போதாதா என்று நானும் நினைத்தேன். போதாது. நைநை என்று மாண்டரினில் ஒலிக்கும் சொல்லுக்கு அப்பாவின் அம்மா என்று பொருள். அதே எழுத்துகள் கன்டோனிஸில் நாய்4 நாய்2 (எண்கள் குரலின் ஏற்ற இறக்கமான தொனியைக் குறிப்பவை, விளக்கம் பின்னால்) என்று ஒலித்து, கணவரின் தாயைக் குறிக்கின்றன. போபோ என்பது மாண்டரினில் கணவரின் தாய். கன்டோனிஸில் போ4 போ2 என்றால் அம்மாவின் அம்மா. குங்குங் என்பது அங்கே கணவரின் தந்தை. இங்கே குங்4 குங்1 என்றால் அம்மாவின் அப்பா. மாமியாரும் இரண்டு பாட்டிகளும் ஒருவர் இடத்தில் ஒருவராக மாறி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இதன் விளைவை நான் நேரிலேயே அனுபவித்தேன். முதல் முறை விருந்துக்குப் போனபோது, கணவரின் அப்பாவைப் பெற்ற பாட்டியைப் பார்த்து, செயலியில் படித்த சொல்லைக் கன்டோனிஸ் ஒலியில் சொன்னேன். பாட்டி பேசாமல் இருந்தார். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கணவரின் தாயார்தான் நிமிர்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். திருமணத்துக்கு முன்பே அவரை மாமியார் என்று நான் உரிமையோடு அழைத்துவிட்டதாக வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பாட்டியை யாருமே அழைக்கவில்லை என்பதை நான் உணர்ந்தபோது சாப்பாடு பாதி முடிந்திருந்தது. அந்த வருத்தம் எனக்கு நெடுநாள் இருந்தது. கன்டோனிஸ் குடும்பத்துக்காகப் படிக்கிறவர்கள் மாண்டரின் பட்டியலை முதல் படியாக வைத்துக்கொள்ளவே கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது ரோமன் எழுத்து. இதில் பரவலாக உள்ளவை இரண்டு முறைகள். ஒன்று யூட்பிங், ஹாங்காங் மொழியியல் சங்கம் 1993இல் வகுத்தது. மற்றொன்று அதற்கு முந்தைய யேல் முறை. கன்டோனிஸில் ஒரே அசை ஆறு விதமான தொனிகளில் வரும். ஒன்றாம் தொனி உயரத்தில் சமமாக நிற்கும். இரண்டு கீழிருந்து உயர ஏறும். மூன்று நடுவில் சமமாக நிற்கும். நான்கு தாழ்ந்து இறங்கும். ஐந்து தாழ்விலிருந்து சற்றே ஏறும். ஆறு தாழ்வில் சமமாக நிற்கும். யூட்பிங் இவற்றை அசையின் இறுதியில் எண்ணாக எழுதுகிறது. மேலே நான் சொற்களோடு எழுதியிருப்பவை அந்த எண்களே. யேல் முறையோ உயிரெழுத்தின் மேல் கோடுகள் இட்டு, தாழ்ந்த தொனிகளுக்கு ஹெச் எழுத்தையும் சேர்க்கிறது. கோடுகளைக் கைப்பேசியில் தட்டுவது தொல்லை. எண்ணோ கண்ணில் தெளிவாக நிற்கிறது. இக்காலத்து அகராதிச் செயலிகளிலும் யூட்பிங் எளிதாகக் கிடைக்கிறது. இரண்டில் ஒன்று என்றால் யூட்பிங்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் யூட்பிங் எழுத்துகளை ஆங்கிலம்போல் வாசித்தால் தவறாகும். அதில் ஜே என்ற எழுத்து யகரத்தைக் குறிக்கும். முறையின் பெயரே அப்படித்தான். அப்பாவின் அப்பாவுக்கான யே4 யே4 என்ற சொல்லை, பட்டியலில் பார்த்த பலர் ஜேஜே என்று படிக்கிறார்கள். பி, ஜி எழுத்துகளும் நம்மை வழிதவறச் செய்கின்றன. ஆங்கிலப் பழக்கத்தில் அவற்றை அதிர்வோடு ஒலிப்போம். கன்டோனிஸிலோ அவை அதிர்வில்லாத, மூச்சும் கலவாத ஒலிகள். படகு, கடல் என்ற சொற்களின் முதலெழுத்தை நாம் எப்படி ஒலிக்கிறோமோ, ஏறக்குறைய அப்படி.

இங்கேதான் தமிழெழுத்தின் பயன் தெரிகிறது. அப்பா என்பதற்கான பா4 பா1, அண்ணன் என்பதற்கான கோ4 கோ1, அத்தையைச் சொல்லும் கூ1 மா1 ஆகியவற்றைத் தமிழில் எழுதி, தமிழாகவே படித்தால், ரோமன் எழுத்தைப் பார்த்துப் படிப்பதைவிட ஒலி நெருக்கமாக வருகிறது. மனைவியின் தந்தையைக் குறிக்கும் ஙோய்6 ஃபூ2 என்ற சொல்லின் முதலொலியை ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் திணறிப் பழகுகிறார்கள். நமக்கு ங என்று தனியெழுத்தே இருக்கிறது. எண்ணைச் சேர்க்காமல் எழுதினால் மட்டும் எல்லாம் பாழாகிவிடும். அம்மா மா4 மா1. அப்பாவின் அம்மா மா4 மா4. இரண்டையும் எண்ணில்லாமல் தமிழில் எழுதினால் மாமா என்றே நிற்கும். தாயும் பாட்டியும் ஒன்றாகி, தமிழ்க் கண்ணுக்கு மூன்றாவதாக ஓர் ஆண் உறவாகவும் தெரியும். வேறுபாடு இரண்டாம் அசையில் மட்டும் இருக்கிறது. தாய்க்குக் குரல் மேலே ஏறி அங்கேயே நிற்கும். பாட்டிக்கு முதல் அசை இறங்கிய இடத்திலேயே இரண்டாவதும் இறங்கும்.

தமிழெழுத்துக்கு வேறு இரண்டு குறைகளும் உண்டு. ஒன்று, மூச்சுக் கலந்த ஒலிகளுக்கு அதில் குறியில்லை. போ4 போ2 என்பதன் பகரம் உதட்டருகே வைத்த தாள் அசையும் அளவுக்குக் காற்றோடு வர வேண்டும். தாய்மாமனுக்கான கௌ5 ஃபூ2 என்பதன் முதல் ககரமும் அப்படியே. அத்தகைய எழுத்தின் அடியில் நான் ஒரு கோடு இட்டுக்கொண்டேன். இன்னொன்று, அசையின் இறுதியில் வரும் வல்லின மெய். சித்தப்பா சுக்1 சுக்1, பெரியப்பா பாக்3. தமிழ் நாக்கு மெய்யில் நிற்க மறுத்து, தன்னையறியாமல் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. சித்தப்பா சுக்காகவும் பெரியப்பா பாக்காகவும் மாறிவிடுகிறார்கள். ககரத்துக்கான இடத்தில் நாவை வைத்து, ஒலியை வெளியே விடாமல் அப்படியே நிறுத்துவதுதான் முறை. ஒரு வாரம் இந்த ஒன்றை மட்டும் பழகினால்கூடத் தகும்.

மாமியாரைக் குறிக்கும் நாய்4 நாய்2 என்ற சொல்லைத் தமிழெழுத்தில் பார்த்ததும் பலர் தயங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். என் அம்மாவே அதை ஒரு பெரியவரை நோக்கிச் சொல்லலாகாது என்றார். அந்த மொழியில் அது தலைமுறை தலைமுறையாக மதிப்போடு வழங்கும் சொல். தயக்கத்தால் அசையைக் குறுக்கி விழுங்கினால் மரியாதைக் குறைவு அப்போதுதான் நேரும். மனம் ஒப்பவில்லையென்றால், இப்போது பல வீடுகளில் செய்வதுபோல, கணவரைப் பின்பற்றி அம்மா என்பதற்கான சொல்லையே சொல்லலாம். எதை விரும்புகிறார் என்று மாமியாரையே கேட்டுவிடுவது நல்லது.

சீன எழுத்துகளோடு கற்பதைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. பெண்பால் குறி, தந்தை குறி என்று எழுத்துக்குள்ளேயே பொருள் தெரிவது அழகுதான். ஆயினும் ஆறு வாரத்தில் அது முடிகிற காரியமன்று. அதோடு, எழுத்து எழுத்தாக அகராதியில் தொனி பார்த்தால் உறவுச் சொற்களில் ஏமாறுவோம். போ என்ற எழுத்துக்கு அகராதித் தொனி நான்கு. வீட்டில் பாட்டியை அழைக்கும்போது இரண்டாம் அசை இரண்டுக்கு மாறுகிறது. தந்தை என்று பொருள்படும் ஃபூ எழுத்துக்கு ஆறு. தாய்மாமனில் அது இரண்டாகிறது. அன்றாடப் பேச்சில் இப்படித் தொனி மாறுவது உறவுச் சொற்களில் மிகுதி.

எந்த எழுத்தில் குறித்துக்கொள்வது என்பதைப் போலவே முக்கியமான இன்னொரு தேர்வு, பொருளை எந்த மொழியில் குறித்துக்கொள்வது என்பது. கிடைக்கும் பட்டியல்களெல்லாம் அங்கிள், ஆன்ட்டி என்று தொடங்கி, தந்தையின் மூத்த சகோதரர், தாயின் இளைய சகோதரி என்று விளக்கிக்கொண்டே போகும். நமக்கு அந்தச் சுற்று வேண்டாம். பாக்3 என்பதற்கு நேராகப் பெரியப்பா என்றும், சுக்1 சுக்1 என்பதற்கு நேராகச் சித்தப்பா என்றும் எழுதிவிடலாம். யீ4 மா1 பெரியம்மா. ஆ3 யீ1 சித்தி. மூத்தவரா இளையவரா, தந்தை வழியா தாய் வழியா என்று பிரித்துப் பார்ப்பது நமக்குப் பால்குடியிலேயே வந்த பழக்கம். தாத்தா பாட்டி விஷயத்தில் பொதுத் தமிழைவிட யாழ்ப்பாண வழக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது: அப்பப்பா யே4 யே4, அப்பம்மா மா4 மா4, அம்மப்பா குங்4 குங்1, அம்மம்மா போ4 போ2. நான்குக்கு நான்கு, ஒன்றுகூட மிச்சமில்லை.

பொருந்தாத இடங்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நமக்கு அத்தை ஒரே சொல். அவர்களுக்கு அப்பாவின் அக்கா கூ1 மா1, தங்கை கூ1 ட்செ1. அத்தையின் கணவரும் தாய்மாமனும் நமக்கு மாமா. அவர்களுக்கு முதலாமவர் கூ1 ட்செங்2, மற்றவர் கௌ5 ஃபூ2. பெரியப்பாவின் மனைவியும் அம்மாவின் அக்காவும் நமக்குப் பெரியம்மா. அவர்களுக்கு முன்னவர் பாக்3 நெங்4. சித்தப்பாவின் மனைவி ஆ3 சம்2. அம்மாவின் சகோதரிகளுடைய கணவர்களை நாம் பெரியப்பா, சித்தப்பா என்போம். அங்கே இருவருமே யீ4 ட்செங்2. நெங், ட்செங் ஆகியவற்றில் எகரத்தை ஓகாரம் சொல்வதுபோல் உதடு குவித்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த தலைமுறையில் இரு முறைகளும் இன்னும் விலகிப் போகின்றன. பெரியப்பா, சித்தப்பா மக்களும், பெரியம்மா, சித்தி மக்களும் நமக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. அத்தை மக்களும் மாமன் மக்களும் முறைப் பிள்ளைகள். கன்டோனிஸில் கோடு வேறிடத்தில் விழுகிறது. அப்பாவின் சகோதரர்களுடைய மக்கள் மட்டும் தோங்4. அவர்கள் ஒரே குடும்பப் பெயரைத் தாங்குகிறவர்கள். மற்ற எல்லோரும் பியூ2. நாம் உடன்பிறப்பாகவே எண்ணும் சித்தி மகன், அங்கே அத்தை மகனோடு ஒரே வகையில் சேர்ந்து பியூ2 ஆகிறார். யாரை மணக்கலாம் என்பதை வைத்து நம் சொற்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. யார் அப்பாவின் வம்சத்தார் என்பதை வைத்து அவர்களுடையவை வகுக்கப்பட்டிருக்கின்றன. இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குப் பட்டியல் தானாகவே வரிசைப்பட்டது.

இனி நான்காம் வழி. என் முடிவு இதன் பக்கமே. ஆனால் இதைத் தனியே விட்டால் போதாது. வீட்டாரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதற்கு முதற்காரணம், குடும்பத்துக்குக் குடும்பம் சொல் மாறுவது. ஈப்போ அமைந்திருக்கும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்தவர்களில் கன்டோனிஸ்காரர்களோடு, ஹக்கா என்ற வேறொரு சீன மொழி பேசும் மக்களும் பெருந்தொகையினர். இன்று வீட்டில் கன்டோனிஸ் பேசிக்கொண்டே, பாட்டியை மட்டும் ஹக்காவில் அழைக்கும் குடும்பங்கள் ஈப்போவில் உண்டு. இளையவர்கள் பள்ளி மாண்டரின் சொல்லைக் கலந்துகொள்வதும் உண்டு. பெரியப்பா, சித்தப்பா பலராக இருந்தால் பிறந்த வரிசை எண்ணைச் சேர்த்து, மூன்றாம் சித்தப்பாவை சாம்1 சுக்1 என்பார்கள். ஆண்களை மட்டும் எண்ணுவதா, பெண்களையும் சேர்த்து எண்ணுவதா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. அச்சிட்ட எந்தப் பட்டியலும் இதைச் சொல்லாது.

இரண்டாம் காரணம் தொனி. எண்ணைப் பார்த்து நாமாகப் பாடிக்கொள்ளும் தொனி ஒன்று. அந்த வீட்டில் ஒலிக்கும் தொனி வேறொன்று. ஹாங்காங் தொடர்களைப் பார்ப்பதும் காதைப் பழக்கும். மலேசியாவில் பலருடைய கன்டோனிஸ் அப்படி வளர்ந்ததுதான். ஆனால் தொடரில் வரும் பாட்டி நம் பாட்டியல்லர்.

கேட்டுக் கற்பதில் ஒரு குறை மட்டும் உண்டு. கேட்டது நிற்காது. சாப்பாட்டு மேசையில் பத்துப் பேரை ஒரே மூச்சில் அறிமுகம் செய்தால் வீடு திரும்பும்போது இரண்டு பேர்தான் நினைவில் இருப்பார்கள். ஆகவே நான் செய்தது இது. கணவரின் இளைய அத்தையிடம் கேட்டு, சடங்கில் அமரப்போகிறவர்களின் வரிசையை ஒரு தாளில் எழுதி வாங்கினேன். அதே வரிசையில் ஒவ்வொருவரையும் அழைப்பதுபோல் அவர் சொல்ல, கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தேன். சொல்லோடு யம்2 ச்சா4, அதாவது தேநீர் அருந்துங்கள் என்பதையும் சேர்த்தே சொல்லச் சொன்னேன். தனிச்சொல்லாகப் படித்தால் சடங்கில் நாக்கு தடுமாறும். பிறகு தமிழெழுத்தில் எழுதி, யூட்பிங் எண்ணைச் சேர்த்து, எதிரே அவரவர் புகைப்படத்தை ஒட்டினேன். பாக்3 நெங்4 என்றதும் எனக்கு வெள்ளி வளையல் போட்ட ஒரு முகம் தோன்ற வேண்டுமே தவிர, தந்தையின் மூத்த சகோதரரின் மனைவி என்ற விளக்கம் தோன்றக் கூடாது.

காலம் குறைவாக இருப்பவர்கள் எதை விடலாம் என்றால், எழுத்துகளை முழுவதும் விடலாம். தோங்4, பியூ2 வகையாரைச் சடங்குக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் பெரும்பாலும் அவர்களைப் பெயர் சொல்லியே அழைப்போம். இருபதும் முடியாதென்றால், இருக்கிற பாட்டி தாத்தாக்கள், பெற்றோர், தந்தையின் மூத்த அண்ணன், தாய்மாமன் ஆகியோரின் சொற்களையாவது பிழையற்ற தொனியில் கற்றுக்கொண்டு, மற்றவர்களுக்கு வாழ்க்கைத்துணை முதலில் அழைக்க, பின்தொடர்ந்து சொல்லலாம். இருபதையும் அரைகுறையாகச் சொல்வதைவிட இது மேல். திருமணத்துக்கு முன் விருந்துக்குப் போகிறவர்கள் பெற்றோரை அங்கிள், ஆன்ட்டி என்றோ, தாயாரை பாக்3 மோ5 என்றோ அழைத்தால் போதும். உறவுச் சொல்லுக்கு மாறும் உரிமையைத் தருவது தேநீர்ச் சடங்குதான்.

சடங்கன்று பாட்டியின் முறை முதலில் வந்தது. இரண்டு அசையையும் தாழ்த்தி, மா4 மா4 என்றேன். அவர் கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, குவாய்1 என்றார். பெரியவர்களைச் சரியாக அழைத்த குழந்தைக்குச் சொல்லும் சொல் அது. இரண்டாவது கோப்பை நிரப்பப்பட்டுத் தயாராக இருந்தது. வரிசைத் தாளில் அடுத்த பெயர் மாமனாருடையது, லோ5 யே4.